அந்த வாக்கியத்தில் ரயில் இல்லை: சைடென்ஸ்டிக்கரின் தடத்தில் ஐந்து நாட்கள்

பிப்ரவரி 10, 2025, உயேனோ

ஷினோபாசுக் குளத்தில் இப்போது தாமரை கிடையாது. கோடையில் நீரே தெரியாதபடி இலைகள் மூடிக்கொள்ளும் என்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் பழுப்பேறி, இடுப்பொடிந்து, தலை நீருக்குள் கவிழ்ந்து நின்ற காய்ந்த தண்டுகளைத்தான். அவற்றின் நடுவே வாத்துகள் யாருக்கும் அவசரமில்லாத ஒரு வரிசையில் போய்க்கொண்டிருந்தன. வெயில் கண்ணைக் கூசியது. காற்றோ காது மடலை அறுத்தது. பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, பெட்டியில் கிடந்த ஒரே கம்பளிச் சட்டை இந்த ஊருக்கு எவ்வளவு போதாது என்பது குளத்தை அரைச் சுற்றுச் சுற்றுவதற்குள் விளங்கிவிட்டது.

தோக்கியோவில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு வருபவர்கள் இங்கிருந்து அருங்காட்சியகங்களுக்கோ விலங்குக் காட்சிச்சாலைக்கோ போவார்கள். நான் குளத்துக்காகவே வந்தேன். 2007 ஏப்ரலில் இந்தப் பகுதியில் நடந்துகொண்டிருந்த 86 வயதுக்காரர் ஒருவர் தவறி விழுந்தார். தலையில் பட்ட அடியால் நான்கு மாதம் நினைவின்றிக் கிடந்து ஆகஸ்ட் 26 அன்று இறந்துபோனார். அவர் பெயர் எட்வர்ட் சைடென்ஸ்டிக்கர். யாசுனாரி கவாபட்டாவின் ‘பனிநாடு’ நாவலை 1956இல் ஆங்கிலத்தில் தந்தவர். தனிசாக்கி, மிஷிமா, நகாய் காஃபூ எனப் போருக்குப் பிந்தைய ஆங்கில வாசகர்கள் நவீன ஜப்பானிய இலக்கியம் என்று அறிந்தவற்றில் பெரும்பங்கு இவர் கைவழியே வந்தது. நான் கவாபட்டாவை வாசித்ததும் இவர் ஆங்கிலத்தில்தான். மூன்று ஆண்டுகளாக அந்த ஆங்கிலத்திலிருந்து ‘பனிநாட்டை’த் தமிழாக்க முயன்றுவருகிறேன். அதாவது, நான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது கவாபட்டாவையா சைடென்ஸ்டிக்கரையா என்பது எனக்கே தெளிவாகாத நிலையில் இந்தப் பயணம் தொடங்குகிறது.

குளத்தின் நடுத்தீவில் பென்தென்தோ என்னும் சிறு கோயில் இருக்கிறது. உள்ளே இருப்பவர் பென்சாய்தென், நம் சரஸ்வதியேதான். புத்த மதத்தோடு சீனம் வழியாக வந்து, வீணையை வழியிலே விட்டுவிட்டு பிவா என்னும் நரம்புக்கருவியை ஏந்திக்கொண்டாள். மொழிபெயர்க்கப்பட்ட ஒரு தெய்வத்தின் காலடியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தினமும் உலவியது எனக்குப் பொருத்தமாகப்பட்டது. அதைவிட என்னை நிறுத்தியவை கோயிலைச் சுற்றியுள்ள கற்கள். தேய்ந்த சமையல் கத்திகளுக்கு ஒரு நினைவுக்கல், உணவான மீன்களுக்கு ஒன்று, மூக்குக்கண்ணாடிகளுக்கு ஒன்று. அகராதியின் பொடி எழுத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் என்ற உரிமையில் கடைசிக் கல்லுக்கு மட்டும் கும்பிடு போட்டேன்.

அங்கே படம் எடுக்கக் கழற்றிய கையுறைகளில் ஒன்றை எங்கோ தவறவிட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அது குளக்கரைக் கம்பி வேலியின் முனையில், ஐந்து விரலும் மேலே பார்க்கும்படி, யாரோ ஒருவரால் மாட்டிவைக்கப்பட்டிருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். உள்ளே பனிக்கட்டி மாதிரி இருந்தது.

பிப்ரவரி 11, யுஷிமா, மினோவா

இன்று சைடென்ஸ்டிக்கரின் பிறந்தநாள். 1921இல் கொலராடோ மாநிலத்தின் காசில் ராக் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஜப்பானிலும் இன்று தேசம் நிறுவப்பட்ட நாள், பொது விடுமுறை. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. காலையிலேயே பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோவுக்குப் போய், இழுத்து மூடிய கதவுகளைக் கடை கடையாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு யுஷிமா. அவர் கடைசிக் காலத்தில் குடியிருந்த பேட்டை இது. ஹவாயில் பாதி, தோக்கியோவில் பாதி என்று ஆண்டைப் பங்கிட்டு வாழ்ந்தவர், 2006இல் முழுவதுமாக இங்கே வந்துவிட்டார். யுஷிமா தென்ஜின் கோயிலுக்கு ஏறும் வழிகளில் இரண்டு இவை. செங்குத்தான 38 படிகள் ஆண் சரிவு. சாய்வாகப் போவது பெண் சரிவு. ஆண் சரிவில் ஏறி மூச்சு வாங்கியபோது, பெண் சரிவில் என்னைவிட மூத்த ஒரு பாட்டி நிதானமாக வந்து சேர்ந்து என்னைப் பார்த்துத் தலைகுனிந்தார். மேலே பிளம் மரங்களில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ விரியத் தொடங்கியிருந்தது. கல்விக்கான தெய்வம் என்பதால், தேர்வு எழுதும் பிள்ளைகளின் வேண்டுதல்கள் மரப்பலகைகளில் அடுக்கடுக்காகத் தொங்கின. சீருடையில் ஒரு பையன் தன் பலகையை மாட்டிவிட்டு, அது மற்றவர்களுடையதை மறைக்கிறதென்று கண்டு, கழற்றி ஓரமாக மாட்டினான்.

சைடென்ஸ்டிக்கர் ஜப்பானிய மொழிக்கு வந்தது பக்தியாலோ இலக்கியக் காதலாலோ அன்று, போரால். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து முடித்த நேரத்தில், அமெரிக்கக் கடற்படையின் ஜப்பானிய மொழிப்பள்ளி அதே வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் பயின்று, கடற்படைத் தரைப்பிரிவில் மொழி அதிகாரியாகி, 1945இல் இவோ ஜிமா தீவின் கருமணற் கரையில் அகராதிகளைச் சுமந்துகொண்டு இறங்கினார். அந்தத் தீவில் நடந்த கொலைகளின் எண்ணிக்கையை நினைத்தால், ஒருவன் அங்கே அகராதியோடு இறங்கினான் என்பது ஏறக்குறைய வேடிக்கையாகிவிடுகிறது. போர் முடிந்ததும் மேற்படிப்பு, அயலுறவுப் பணி, தோக்கியோவில் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் வேலை. 1950இல் அதை உதறிவிட்டுத் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் படிக்க உட்கார்ந்தார். அந்த முடிவை எண்ணிப்பார்க்கிறேன். முப்பதை நெருங்கிய ஒருவர், தோற்ற நாட்டின் தலைநகரில், நிலையான அரசாங்க வேலையை விட்டுவிட்டு மாணவராகிறார். எங்கள் வீட்டில் அப்படி ஒருவன் கிளம்பியிருந்தால் ஜோசியரிடம்தான் கூட்டிப்போயிருப்பார்கள். அதன்பின் சோஃபியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தபடி 1962 வரை இங்கேயே இருந்தார். ‘பனிநாடு’ம் தனிசாக்கியின் பெருநாவலும் அந்த ஆண்டுகளில் வந்தவை.

தனிசாக்கியின் அந்த நாவலுக்கு ஜப்பானியத்தில் ‘நுண்பனித்தூவல்’ என்று சொல்லத்தக்க ஒரு தலைப்பு. 1957இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது பனி மறைந்து, ‘மகியோகா சகோதரிகள்’ என்று குடும்பப் பெயர் முன்னால் வந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்பது நாளைக்கு.

பிற்பகல் மினோவாவுக்குப் போனேன். சைடென்ஸ்டிக்கருக்கு இந்த நகரத்தின் மேட்டுப்பகுதியைவிட ஆற்றோரத் தாழ்நகரம்தான் பிடித்தது. 1983இல் அவர் எழுதிய தோக்கியோ வரலாறு அந்தத் தாழ்நகரம் 1923 நிலநடுக்கத்தில் முடிந்துபோனதற்கான நீண்ட ஒப்பாரி என்றே எனக்குத் தோன்றும். அந்த ரசனையை அவர் பெற்றது நகாய் காஃபூ என்ற எழுத்தாளரிடமிருந்து. காஃபூவைப் பற்றி 1965இல் ஒரு தனி நூலும் எழுதினார். மினோவாவில் ஜோகான்ஜி என்ற கோயில் இருக்கிறது. யோஷிவாரா பரத்தையர் வீதியில் இறந்த, உரிமை கோர ஆளில்லாத பெண்கள் சுமார் 25,000 பேர் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். தூக்கிப்போடும் கோயில் என்றே ஊரார் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தன்னையும் இவர்களோடு புதைக்க வேண்டும் என்பது காஃபூவின் ஆசை. நடந்ததோ, நினைவுக்கல் மட்டும் இங்கே. கல்லறை நகரின் மறுபக்கம், சோஷிகாயாவில். பெண்களின் நினைவிடத்தில் யாரோ உதட்டுச்சாயக் குப்பி ஒன்றையும் சீப்பையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், காஃபூ கேட்ட இடத்தையும் கிடைத்த இடத்தையும் ஒரே டிராம் இணைக்கிறது. மினோவாபாஷியில் ஏறினால் ஒரே கட்டணம், 170 யென். வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு போகிறது. வழியில் வரும் கிதா வட்டத்தில் பல காலம் வாழ்ந்தவர் டொனால்ட் கீன். சைடென்ஸ்டிக்கருக்கு ஓர் ஆண்டு இளையவர், அவரைப் போலவே கடற்படையின் மொழிப்பள்ளி மாணவர், 2012இல் ஜப்பானியக் குடிமகனாகி 2019இல் இறந்தவர். ஜப்பானியர்கள் கீனைக் கொண்டாடுவதுபோல் சைடென்ஸ்டிக்கரைக் கொண்டாடுவதில்லை. கீன் நேசித்தார், இவர் நேசித்தபடியே முணுமுணுத்தார். எனக்கு முணுமுணுப்பவர்களைத்தான் பிடிக்கும், அது வயதின் கோளாறாகவும் இருக்கலாம்.

சோஷிகாயாவில் இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் எண்களை டார்ச் வெளிச்சத்தில் தேட மனம் வரவில்லை. நிலையத்தருகே நின்றுகொண்டே உண்ணும் கடையில், இனிப்பூட்டிய தோஃபு வறுவல் மிதக்கும் ஊதோன் நூடுல்ஸ் ஒரு கிண்ணம் சாப்பிட்டுத் திரும்பினேன்.

பிப்ரவரி 12, தோவாய்

‘பனிநாடு’ நாவலின் முதல் வாக்கியம் ஜப்பானியர் பலருக்கு மனப்பாடம். சைடென்ஸ்டிக்கரின் ஆங்கிலத்தில், ரயில் அந்த நீண்ட சுரங்கத்திலிருந்து பனிநாட்டுக்குள் வெளிப்படுகிறது. என் தமிழ்ப் பிரதியின் முதல் வரியும் அவ்வாறே: “ரயில் அந்த நீண்ட சுரங்கத்திலிருந்து வெளிப்பட்டுப் பனிநாட்டுக்குள் நுழைந்தது.” சென்ற ஆண்டு ஜப்பானிய எழுத்துகளை எழுத்துக்கூட்டத் தொடங்கியபோதுதான் தெரிந்தது: மூலத்தின் அந்த வாக்கியத்தில் ரயிலே இல்லை. எழுவாயே இல்லை. எல்லையின் நீண்ட சுரங்கம் இருக்கிறது, கடந்து வருதல் இருக்கிறது, உடனே பனிநாடு இருக்கிறது. கடந்தவர் யார், எது என்று சொல்லப்படவில்லை. ரயில் மூன்றாவது வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறது. மறுபுறம், மூலத்தில் இருக்கும் ‘எல்லை’ ஆங்கிலத்தில் காணாமற்போய்விட்டது. இரண்டாம் வாக்கியத்தில் கவாபட்டா “இரவின் அடி வெளுத்தது” என்கிறார். ஆங்கிலத்தில் அது இரவு வானின் கீழே நிலம் வெண்மையாய்க் கிடப்பதாக அடங்கிவிடுகிறது.

ஜப்பானிய மொழியியலில் இது பழகிப்போன எடுத்துக்காட்டு. மூலத்தைப் படிப்பவர் ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பார், ஆங்கிலத்தைப் படிப்பவர் வெளியே மலைமேல் நின்று ரயிலைப் பார்ப்பார் என்பார்கள். எனவே நானும் ரயிலுக்குள் உட்கார்ந்து பார்ப்பதென்று முடிவுசெய்தேன்.

அதிவேக ரயிலில் தோக்கியோவிலிருந்து எச்சிகோ யுசாவாவுக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் அது 1982இல் திறந்த 22 கிலோமீட்டர் சுரங்கத்தில் போகிறது. கவாபட்டா கடந்தது 1931இல் திறக்கப்பட்ட 9,702 மீட்டர் ஷிமிசுச் சுரங்கம். எனவே சாதாரண ரயில். உயேனோவிலிருந்து தகாசாக்கி, அங்கிருந்து மினகாமி, அங்கே மறுபடி மாற்றம். தகாசாக்கி நடைமேடையில் இறங்கியதும் அடித்த வறண்ட காற்றில் தொப்பி பறந்தது. ஒரு பள்ளி மாணவி ஓடிப்போய்ப் பிடித்து, இரு கைகளாலும் ஏந்திவந்து தந்தாள். மினகாமியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தானியங்கி எந்திரத்தில் சூடான காப்பித் தகரக்குப்பிகள் இரண்டு வாங்கினேன். ஒன்று குடிக்க, ஒன்று சட்டைப்பைக்கு.

சுரங்கத்துக்குள்ளேயே நடைமேடை இருக்கும் தோவாய் நிலையத்தில் வேண்டுமென்றே இறங்கினேன். ரயில் போய்விட்டது, அதன் ஓசை அடங்க வெகு நேரமானது. அதன்பின் நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. எதிரே ஒரு படிக்கட்டு. நேர்கோட்டில், முடிவு தெரியாமல், 462 படிகள். மேலே இன்னும் 24. எழுபது மீட்டர் உயரம். மின்தூக்கி கிடையாது. நூறு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏறினேன். மேலே ஆளில்லாத கூடம், வெளியே கூரை உயரத்துக்குப் பனி. அங்கிருந்த கால அட்டவணையைப் பார்த்தபோதுதான் என் இரண்டாவது முட்டாள்தனம் தெரிந்தது: இன்னும் இரண்டு மணி நேரத்தில் வரும் என்று நான் குறித்துவைத்திருந்த ரயில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஓடுவது, நட்சத்திரக் குறிக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கல்லுக்கு இன்னும் நன்றாகக் கும்பிட்டிருக்கலாம். அடுத்த ரயில் இருட்டிய பிறகுதான்.

கூடத்தில் இன்னொருவர் இருந்தார். மலையேறிகளின் பழைய காலணி, எழுபது வயதுக்கு மேலிருக்கும். என் உதடு நடுங்குவதைப் பார்த்து, பேசாமல் பையிலிருந்து கையளவு வெப்பப் பொதி ஒன்றை எடுத்து உறை கிழித்துக் குலுக்கி நீட்டினார். என் அரைகுறை ஜப்பானியத்தில் ஏன் வந்தேன் என்று சொன்னேன். சுரங்கத்தைப் பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகத்தில் ஒரு சங்கடம். தரையைக் காட்டி, கையால் இரண்டு கோடு வரைந்து விளக்கினார். நீ இறங்கிய சுரங்கம் அந்தச் சுரங்கமன்று. அது 1967இல் இரண்டாவது பாதைக்காகத் தோண்டிய புதியது, 13 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கவாபட்டாவின் சுரங்கம் மேலே இருக்கிறது. ஆனால் அதில் இப்போது தோக்கியோவை நோக்கி வரும் ரயில்கள் மட்டுமே ஓடுகின்றன.

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அதாவது, 1967க்குப் பிறகு, ரயில் பயணி யாரும் அந்த வாக்கியம் போகிற திசையில் அந்தச் சுரங்கத்தைக் கடக்கவில்லை. பனிநாட்டை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கிறது. மூன்று ரயில் மாறி, 486 படி ஏறி, நான்கு மணி நேரம் குளிரில் உட்கார்ந்து நான் அடைந்தது மூலத்தை அன்று, அதன் பக்கத்தில் தோண்டிய இன்னொரு துளையை. இதைவிடச் சரியாக ஒரு மொழிபெயர்ப்பாளனைக் கேலிசெய்ய முடியாது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெரியவரும் என்னவென்று புரியாமலே சேர்ந்து சிரித்தார்.

மாலையில் அவர் பேருந்துக்குப் போனார். நான் படியிறங்கிச் சுரங்கத்துக்குள் ரயிலேறினேன். ஒரே பெட்டிக்குள் ஆறு பேர். ஜன்னலில் என் முகம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நாவலில் கண்ணாடியில் தெரியும் பெண்முகத்தின் மேல் மலைவிளக்கு ஒன்று மிதந்து போகும் பகுதியை நினைத்துக்கொண்டேன். பிறகு காதடைப்பு சட்டென்று விலகியது, ஓசை மாறியது, கண்ணாடிக்கு அப்பால் கீழ்ப்பக்கம் வெளுத்தது. ஆம், கீழ்ப்பக்கம்தான். மேலே இருட்டு அப்படியே இருக்க, இரவின் அடிமட்டும் வெளுத்திருந்தது. நிலம் என்று அதைச் சொல்ல எனக்கு இன்னும் சில நொடிகள் தேவைப்பட்டன. கவாபட்டா எழுதியது அந்தச் சில நொடிகளுக்கு முன்பிருந்து. ரயில் சுச்சிதாருவில் நின்றது. நாவலில் பெண்ணொருத்தி ஜன்னலைத் திறந்து நிலைய அதிகாரியைக் கூவி அழைக்கும் சைகைநிலையம் இதுதான். இப்போது அங்கே அழைப்பதற்கு அதிகாரி யாரும் இல்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்: “எல்லையின் நெடுஞ்சுரங்கத்தைக் கடந்ததும் பனிநாடு.” தமிழுக்கு எழுவாய் தேவைப்படவில்லை, வினைமுற்றுகூடத் தேவைப்படவில்லை. சைடென்ஸ்டிக்கர் சேர்த்த ரயிலை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். எழுவாய் இல்லாமல் ஆங்கிலம் உள்ளே விடாது. அவர் சுங்கம் கட்டிவிட்டுச் சரக்கைக் கொண்டுபோனார், அதையும் ஒரே மூச்சில் படிக்கும் அழகான வாக்கியமாகக் கட்டினார். தமிழின் வாசலில் அந்தச் சுங்கம் கிடையாது. தெரியாமல் மூன்று ஆண்டுகளாக நான் கட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 13, யுசாவா

காலையில் சாலைகள் துருப்பிடித்த செந்நிறத்தில் இருந்தன. சாலை நடுவே பதித்த குழாய்களிலிருந்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். அந்த நீரிலுள்ள இரும்பு தார்ச்சாலையைச் சிவப்பாக்கிவிடுகிறது. கரைந்த பனிச்சேறு என் காலணிக்குள் புகுந்ததுதான் அன்றைய முதல் நிகழ்ச்சி. இரண்டாவது, சுவா கோயில் அருகே வழுக்கி விழுந்தது. பனி வாரும் தட்டையை வைத்துவிட்டு ஓர் அம்மாள் ஓடிவந்து தூக்கினார்; அடிபடவில்லை என்று தெரிந்ததும், பாதம் முழுவதையும் தட்டையாக வைத்துச் சிற்றடியாக நடக்க வேண்டும் என்று பென்குயின் மாதிரி நடந்தே காட்டினார். மாணவன் சரியாக நடக்கிறானா என்று தெருமுனை வரை நின்று பார்த்தார்.

கவாபட்டா 1934 முதல் சில ஆண்டுகள் வந்து தங்கி இந்நாவலை எழுதியது மேட்டின்மேல் இருக்கும் தகாஹான் விடுதியில். கட்டடம் புதியதாகிவிட்டாலும், அவர் தங்கிய ‘மூடுபனி அறை’யை மட்டும் பழைய மரக்கட்டடத்திலிருந்து அப்படியே பெயர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். பார்க்க 500 யென். தாழ்ந்த மேசை, தணல் வைக்கும் பானை, தாதாமிப் பாய். ஜன்னலில் அவர் கண்ட மலைகள் இருக்கின்றன. அவற்றின் முன்னே அதிவேக ரயிலின் தூண்கள், பனிச்சறுக்குக் கம்பிவடங்கள், 1980களின் மனை மோகத்தில் முளைத்த அடுக்குமாடிகள். கண்ணை மலைமேல் மட்டும் வைக்கச் சற்றுப் பழக்கம் வேண்டும்.

இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பல மாதம் திணறடித்த ஓரிடத்தை எடுத்துப் பார்த்தேன். ஷிமாமுரா என்னும் பணக்காரச் சோம்பேறி, விருந்துகளில் ஆடிப்பாடும் கெய்ஷாவான கொமாகோவை முதலில் நல்ல பிள்ளை என்கிறான். சற்று நேரத்தில் அதே வாயால் நல்ல பெண் என்று சொல்லிவிடுகிறான். அந்த ஒரு சொல் மாற்றத்தில் அவள் தன்னை அவன் எதுவாக மட்டும் பார்க்கிறான் என்று கண்டுகொண்டு கொதித்துப்போகிறாள். ஆங்கிலத்தில் சைடென்ஸ்டிக்கர் அந்த இரு சொற்களையும் ஒழுங்காகவே வைத்திருக்கிறார். ஆனால் படிப்பவனுக்கு இவள் ஏன் கோபப்படுகிறாள் என்பது புரியாமல் போகிறது. என் வகுப்பு மாணவர்களுக்கும் புரிந்ததில்லை. நமக்கோ, “நல்ல பொண்ணு” என்பதற்கும் “நல்ல பொம்பளை” என்பதற்கும் நடுவே ஒரு கன்னத்தறை இருக்கிறது. இரண்டு ஆண்டு ‘மங்கை’, ‘நங்கை’ என்று அகராதியில் தேடிக்கொண்டிருந்தவன் நான். சொல் என் தெருவிலேயே கிடந்திருக்கிறது.

கவாபட்டாவின் மங்கலைப் பற்றி சைடென்ஸ்டிக்கரே சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. விளங்காத ஒரு பகுதியைக் கொண்டுபோய், இது சற்றுத் தெளிவில்லாமல் இருக்கிறதல்லவா என்று கேட்பாராம். கவாபட்டா சிரத்தையாகப் படித்துப் பார்த்துவிட்டு, ஆம் என்பாராம். அவ்வளவுதான். தனிசாக்கியிடம் இந்தத் தொல்லை இல்லை, அவர் உரைநடை தெளிவானது. தெளிவானவரை விட்டு, ஆம் என்று மட்டும் சொல்கிறவரிடமே மறுபடி மறுபடி போனார் இவர்: ‘ஆயிரம் கொக்குகள்’, ‘மலையின் ஓசை’, ‘கோ’ ஆட்ட மேதையைப் பற்றிய நாவல். 1968இல் கவாபட்டாவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அதில் பாதி மொழிபெயர்ப்பாளருக்குரியது என்று அவர் சொன்னது பரவலாக அறிந்த செய்தி. ஸ்டாக்ஹோம் உரையை ஆங்கிலமாக்கியவரும் சைடென்ஸ்டிக்கரே. ‘மலையின் ஓசை’க்கு 1971இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டு, மிச்சிகன், கொலம்பியா என்று பேராசிரியப் பணி ஒருபுறம் ஓட, சுமார் பத்து ஆண்டு உழைத்து 1976இல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட, பழைய ஜப்பானியப் பெருங்கதையான ‘கெஞ்சியின் கதை’யையும் முழுமையாகக் கொண்டுவந்தார்.

குறையும் சொல்ல வேண்டும். கவாபட்டாவின் இசு நாட்டியக்காரியைப் பற்றிய கதையை 1955இல் ஓர் அமெரிக்க இதழுக்காக மொழிபெயர்த்தபோது அதைச் சுருக்கித்தான் கொடுத்தார். முழுக்கதை ஆங்கிலத்தில் கிடைக்க 1997இல் இன்னொருவர் வர வேண்டியிருந்தது. வெட்டியது என்னவென்று தெரியாமல், வெட்டுப்பட்ட கதையை மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவர்களில் நானும் ஒருவன்.

ஊர் அருங்காட்சியகத்தில் கொமாகோவின் மூலப்பெண் வாழ்ந்த அறையை மீட்டமைத்து வைத்திருக்கிறார்கள். நாவலில் கொமாகோ தான் படித்த கதைகளின் பெயர், ஆசிரியர், பாத்திரங்கள், அவர்களின் உறவு என்று பத்துக் குறிப்பேடுகள் நிரப்பி வைத்திருப்பாள். கருத்தென்று ஒரு வரியும் இராது. வீண் உழைப்பு என்பான் ஷிமாமுரா. ஆமாம், வீண்தான் என்று அவள் தயங்காமல் ஒப்புக்கொள்வாள். அங்கே இருந்தது மிகச் சிறிய அறை. பத்துக் குறிப்பேடுகளை எங்கே வைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் ஹெகிசோபா. கோதுமை மாவுக்குப் பதிலாக ஃபுனோரி என்ற கடற்பாசியால் இணைத்த சோபா நூடுல்ஸ். பிடிப்பிடியாகச் சுருட்டி மரத்தட்டில் அடுக்கித் தருகிறார்கள். பளபளவென்று வழுக்குகிறது, பல்லில் அழுந்தி எதிர்க்கிறது. அருமை. மாலை நிலையத்துக்குள்ளேயே இருக்கும், சாக்கே என்னும் அரிசி மதுக் கூடத்தில் 500 யென்னுக்கு, கோப்பைக்கு ஒன்றாக ஐந்து வில்லைகள். சுவரில் மாவட்டத்து ஆலைகளின் மதுக் குழாய்கள் வரிசையாக. எதைத் தேர்வது என்று விழித்தபோது பக்கத்திலிருந்தவர், உப்பைக் கட்டைவிரல் மேட்டில் வைத்து நக்கிக்கொள்ளக் கற்றுத்தந்தார். மூன்றாவது கோப்பையோடு என் ஜப்பானியம் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டது. ஐந்தாவதை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 14, பழைய சுரங்கம், ஜிம்போச்சோ

திரும்பும் ரயிலில் எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் உறக்கம். சுச்சிதாருவுக்கு முன்பே ரயில் மலைக்குள் ஒரு முழு வட்டம் சுற்றி உயரம் ஏறி, அந்த நிலையத்தைத் தாண்டியபின் ஷிமிசுச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இதுதான் அது. நொடிகளை எண்ண வேண்டும் என்று நினைத்திருந்தேன், எண்ணவில்லை. சுவர் அருகில் இருந்தது, ஒற்றைப் பாதைக்குரிய இறுக்கம், அவ்வளவே வேறுபாடு.

வெளியே வந்ததும் வெயிலும் வெறும் நிலமும் இருக்கும், வாக்கியத்தைத் தலைகீழாக வாசித்ததுபோல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. பிப்ரவரியில் தோவாய்ப் பக்கமும் பனிதான். எல்லை அத்தனை கூர்மையாகத் தெரிய, கதையில் வருவதுபோல் குளிர்காலத் தொடக்கத்தில் வர வேண்டுமாம். தோவாயின் மேல் நடைமேடையில் யாரும் ஏறவில்லை. அதன்பின் இன்னொரு வட்டம் சுற்றி இறங்கும்போது, நாங்கள் போகப்போகும் நிலையம் காலுக்கடியில் பொம்மைபோலத் தெரிந்தது. விழித்திருந்த மூவரில் ஒரு சிறுவன் அதைத் தன் பாட்டிக்குக் காட்டினான். பாட்டி பார்த்துவிட்டு எனக்கும் காட்டினார். பனி எங்கே முடிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தகாசாக்கி வரும்போது வயல்கள் காய்ந்து கிடந்தன.

ஜிம்போச்சோ இன்று திறந்திருந்தது. கெஞ்சி மொழிபெயர்ப்புக் காலத்தில் சைடென்ஸ்டிக்கர் எழுதிய நாட்குறிப்பு ஒரு கடையில் 4,500 யென்; எடுத்தேன், விலையைப் பார்த்தேன், இருந்த இடத்திலேயே வைத்தேன். வாசலில் வெயிலில் காய்ந்த மலிவுப் பெட்டியில் ‘பனிநாடு’ ஆங்கிலப் பதிப்பு 300 யென்னுக்குக் கிடைத்தது. என்னிடம் ஏற்கெனவே இரண்டு பிரதிகள் இருக்கின்றன. கடைக்காரர் அதைப் பழுப்புத் தாளில் உறையிட்டு, மடிப்பு நகர்ந்ததென்று பிரித்து, மறுபடி உறையிட்டுத் தந்தார்.

அடுத்த தெருவில், நாற்காலித் தோல் கிழிந்த பழைய காப்பிக்கடை. ஒரு கோப்பை 650 யென்; நம்மூர்ச் சிற்றுண்டிக் கணக்கில் குடும்பமே சாப்பிடலாம். கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கத்தை எடுத்து, ரயிலை அடித்தேன், எல்லையைச் சேர்த்தேன். இரண்டாம் வரியில் ‘நிலம்’ இருந்த இடத்தில் ‘இரவின் அடி’ என்று எழுதி, ‘வெளுத்தது’ போதுமா ‘வெளுத்துப்போயிற்று’ வேண்டுமா என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி ஆறிவிட்டது. மூன்றாம் வரியில் ரயில் வந்து நிற்கிறது. அதை அப்படியே விட்டேன். பாக்கி நூற்று எழுபது பக்கம் இருக்கிறது.